திரித்துவம் என்றால் மூன்று கடவுள்களா?

மலேசியாவில் பினாங்கிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ வளரும் கிறிஸ்தவப் பிள்ளை பள்ளியிலேயே சந்திக்கும் கேள்வி இது: "ஒன்றும் ஒன்றும் ஒன்றும் மூன்றுதானே? அது எப்படி ஒரே கடவுள்?"

திரித்துவம் சொல்வது இதுதான்: கடவுள் ஒருவரே, அந்த ஒரே கடவுள் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூன்று ஆட்களாக என்றென்றும் இருக்கிறார். 'என்ன?' என்று கேட்டால் பதில் ஒன்று, 'யார்?' என்று கேட்டால் மூன்று. ஒரே கேள்விக்கு ஒன்று, மூன்று என இரண்டு பதில் சொன்னால்தான் முரண்பாடு. இங்கே கேள்விகளே வேறு.

தேவாலயக் கீபோர்டில் ச, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு சுரமும் அறை முழுவதையும் நிரப்புகிறது; ஒன்று மற்றொன்றைத் தள்ளுவதில்லை; காதுக்கு ஒரே இசைவு. (சுரத்தைத் தனியே பிரிக்கலாம், கடவுளைப் பிரிக்க முடியாது. உவமை அதோடு நிற்கட்டும்.)

சரி, இதெல்லாம் 325-இல் ஆயர்கள் கூடிய நிக்கேயா சங்கம் கண்டுபிடித்ததா? இல்லை. இன்றும் ஆராதனை முடிவில் கேட்கும் "இயேசு கிறிஸ்துவினுடைய கிருபையும், தேவனுடைய அன்பும், பரிசுத்த ஆவியினுடைய ஐக்கியமும்" என்ற ஆசீர்வாதம், அப்போஸ்தலர் பவுல் 1-ஆம் நூற்றாண்டில் கொரிந்தியருக்கு எழுதியது. அதில் மூவரும் சேர்ந்தே வருகிறார்கள். குமாரனும் படைக்கப்பட்டவரே என்று ஆரியுஸ் என்ற குரு கிளப்பிய சர்ச்சையைத் தீர்க்கத்தான் நிக்கேயா சங்கம் கூடியது. ஆவியானவரைப் பற்றி 381-இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கத்தில் விரிவாகச் சொன்னார்கள்.

அப்புறம், தந்தை, மரியாள், மகன் என்று ஒரு குடும்பத்தைத்தான் திரித்துவம் என்கிறார்கள் எனச் சிலர் நினைக்கிறார்கள். மரியாள் அந்த மூவரில் ஒருவர் அல்ல, 'குமாரன்' என்பதும் உடல்வழிப் பிறப்பைக் குறிப்பதல்ல.