அறுபதுக்குப் பின் கராத்தே – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மயிலாடுதுறையில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், வயது 63. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. காவிரியின் துலாக் கட்டப் படித்துறையில் படியிறங்கும்போது கால் தடுமாறுகிறது. பேரனை அழைத்துச் செல்லும் கராத்தே வகுப்பில் மாஸ்டர் என்னையும் சேரச் சொல்கிறார், வீட்டிலோ சிரிக்கிறார்கள். நெடுங்காலமாகப் பயில்பவர் நீங்கள். இந்த வயதில் இது தகுமா?

– ஒரு வாசகர்

மதிப்பிற்குரிய ஐயா,

தாராளமாகச் சேருங்கள். உங்களுக்குத் தேவையானது கராத்தேயின் உதைகளிலும் சண்டைப் பயிற்சியிலும் இல்லை. அதன் நிற்கும் முறையிலும் அடியெடுத்து வைக்கும் முறையிலும் இருக்கிறது.

படியிறங்கும் ஒவ்வொரு முறையும் உடலின் முழு எடையையும் ஒரு காலின் தொடைத்தசை ஒரு கணம் தாங்கியாக வேண்டும். வயது ஏற ஏற முதலில் வலுவிழப்பவற்றில் அந்தத் தசையும் ஒன்று. நம் தாத்தாக்கள் வரப்பில் நடந்தும் நடவுச் சேற்றில் காலைப் பிடுங்கி வைத்தும் அறியாமலே பெற்ற பயிற்சியை, வகுப்பறையிலும் இருசக்கர வாகனத்திலும் வாழ்ந்த நம் தலைமுறை இழந்துவிட்டது. மரபான கராத்தேயில் முழங்காலை மடக்கி நின்று, பின்காலைத் தரையை உரசியபடி முன்காலின் அருகே கொண்டுவந்து, அங்கிருந்து முன்னே நகர்த்தி வைத்து, அதன் பிறகே எடையை அதன்மீது மாற்றுகிறோம். இதை மிக மெதுவாகச் செய்து பாருங்கள், தொடை நடுங்கும். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 3 நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்ததும் கீழே விழுவதைத் தடுக்கத்தான். மாலை நடை நல்லதே என்றாலும், இந்த வேலையை அது முழுதாகச் செய்வதில்லை.

கராத்தே அசைவுகளை வரிசையாகக் கோத்துத் தனியாகச் செய்யும் பயிற்சியைக் கட்டா என்கிறோம். தொடக்கக் கட்டாக்களில் ஒன்றான ஹெயான் ஷோடானில் 21 அசைவுகள் உள்ளன. வரிசையையும் திசையையும் நினைவில் நிறுத்தியபடி திரும்ப வேண்டியிருப்பதால் உடலோடு கவனமும் உழைக்கிறது. முதியவர்கள் பலர் விழுவது திரும்பும்போதுதான் என்பதால் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒகினாவாவில் 1868இல் பிறந்த கிச்சின் ஃபுனகோஷி, சிறுவயதில் நோஞ்சானாக இருந்தவர். ஐம்பதைக் கடந்த பிறகு, 1922இல் டோக்கியோவுக்கு வந்து கராத்தேயைப் பரப்பினார். 88 வயது வரை வாழ்ந்தார். அவரது ஆயுளுக்குக் கராத்தேதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் சிரிப்பவர்களிடம் அவர் வயதைச் சொல்லுங்கள்.

முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மூச்சை அடக்கி உடலை இறுக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். ஆகவே சான்சின் போன்ற இறுக்கமான மூச்சுப் பயிற்சிகள் உங்களுக்கு வேண்டாம், குதித்து உதைப்பதும் வேண்டாம். எவ்வளவு தாழ்ந்து நிற்பது என்பதை மாஸ்டரின் குரலல்ல, உங்கள் முழங்கால் முடிவு செய்யட்டும். கராத்தேயை வெறுங்காலில்தான் பயில்கிறோம். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கக்கூடும் என்பதால், வகுப்பு முடிந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்த்து, சிறு கீறல் இருந்தாலும் அன்றே கவனியுங்கள்.

அன்புடன்.