ரோபோ கூட்டிவிடும், தண்ணீரை யார் பார்ப்பது?

போன இதழில் லாரித் தண்ணீரால் நீச்சல் குளம் நிரப்புவது பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, தண்ணீரை விட்டுவிட்டு, குளத்துக்குள் வயர் இல்லாமல் ஓடி, அழுக்கை உறிஞ்சித் தன் கூடையில் சேர்க்கும் ரோபோவைப் பற்றிக் கேட்கின்றன. சரி, இந்த முறை அதையே எடுத்துக்கொள்கிறேன். நான் முப்பது வருஷம் பிழைத்ததே பிரஷ்ஷிலும் வாக்குவம் ஹோஸிலும்தான். நீலாங்கரையிலிருந்து முட்டுக்காடு வரை முதலில் சைக்கிளில், அப்புறம் டிவிஎஸ்ஸில், நீளக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறேன். முட்டி தேய்ந்த பிறகு, மகள் வீட்டுக் குளத்துக்காக இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ரோபோ வாங்கினோம். அதனால் இரண்டு பக்கமும் பேசலாம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டுக் குளம் 8 மீட்டருக்கு 4 மீட்டர், நாலடி ஆழம். வாரம் மூன்று நாள் வந்து சுத்தம் செய்கிறவர் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் திரும்பப் பத்து நாள் ஆகிறது. டெக்சாஸில் இருக்கும் மகன், ஏப்ரலில் வரும்போது ஒரு ரோபோ வாங்கி வருகிறேன் என்கிறான். வாங்கி வரச் சொல்லலாமா? (வாசகி, பனையூர்)

பதில்: வாங்கலாம் அம்மா. வாங்கி வரத்தான் வேண்டாம். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. அதில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கினால் வாட்-அவர் கிடைக்கும். 21.6 வோல்ட், 7.8 ஆம்பியர்-அவர் என்றால் 168. விமானத்தில் 100 வரை பிரச்சினை இல்லை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். 160-ஐத் தாண்டினால் கைப்பையிலும் போகாது, பெட்டியிலும் போகாது. பழைய செல்போன் மாதிரி பேட்டரியைக் கழற்றித் தனியாக வைப்பதும் பல ரோபோக்களில் நடக்காது, உள்ளே வைத்து மூடியிருக்கும். பையன் ஏர்போர்ட்டில் அதை விட்டுவிட்டு வெறுங்கையோடு வரக்கூடும். அப்படியே வந்து சேர்ந்தாலும், அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி கேட்டால் சிரிப்பார்கள். இதில் பிரஷ், பெல்ட், கூடையின் வலை எல்லாம் தேய்கிற சாமான். சென்னையிலேயே உதிரி கிடைக்கிற மாடலாகப் பாருங்கள்.

உங்கள் குளத்தின் கணக்கைப் போடுவோம். தரை 32 சதுர மீட்டர். சுற்றளவு 24 மீட்டர், ஆழம் 1.2 மீட்டர், ஆகச் சுவர் 29. மொத்தம் 61 சதுர மீட்டர். பெட்டியின் மேல் ஒரு பரப்பளவு அச்சடித்திருப்பார்கள். அது தரைக்கு மட்டுமா, சுவரையும் சேர்த்தா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். விலை குறைந்தவை பெரும்பாலும் சுவர் ஏறாது. ஏறுகிறவையும் ஏற ஏற பேட்டரியைக் குடிக்கும். புதிதில் ஒன்றரை முதல் மூன்று மணி நேரம் வரை ஓடும் என்பார்கள். எங்கள் வீட்டு ரோபோ வாங்கியபோது இரண்டு மணி நேரம் ஓடியது, இப்போது ஒன்றே கால் மணியிலேயே மூச்சு வாங்குகிறது. அதனால் தேவைக்குச் சரியாக வாங்காமல், கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள்.

பனையூரில் உங்கள் எதிரி மணல். நடுப்பகலில் கடல்காற்று திரும்பினால் நெருநெருவென்று பொடி மணல் வந்து இறங்கும். மிதக்காது, நேராக அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இதை அள்ளுவதில் ரோபோ கெட்டிக்காரன், ஒப்புக்கொள்கிறேன். முதல் நாள் கூடையைத் திறந்தபோது இரண்டு கை மணல், ஒரு கிரிக்கெட் பந்தின் தையல் நூல், அதன் மேல் வெந்த அவல் மாதிரி குழைந்த வேப்பம்பூ. நான் அன்று காலையில்தான் கம்பம் பிடித்துச் சுத்தம் செய்துவிட்டு, பளிச்சென்று இருக்கிறது என்று மகளிடம் சொல்லியிருந்தேன். பங்குனி, சித்திரையில் வேப்பமரம் பக்கத்தில் இருந்தால் பாதி ஓட்டத்தில் ஒருமுறை கூடையைக் கழுவிப் போடுங்கள். இல்லாவிட்டால் வலை அடைத்து, ரோபோ சும்மா உலாத்திக்கொண்டிருக்கும்.

இன்னொரு லாபம் தண்ணீர். பம்ப்பில் ஹோஸை மாட்டி உறிஞ்சும்போது அழுக்கெல்லாம் சாண்ட் ஃபில்டருக்கு, அதாவது மணல் வடிகட்டிக்குப் போகிறது. அடிக்கடி பேக்வாஷ் செய்ய வேண்டும், அதாவது தண்ணீரைத் திருப்பி விட்டு மணலைக் கழுவ வேண்டும், ஒவ்வொரு முறையும் சில நூறு லிட்டர் சாக்கடைக்கு. ரோபோ அழுக்கைத் தன் கூடையிலேயே வைத்துக்கொள்வதால் பேக்வாஷ் குறையும். 2019 கோடையில் லாரிக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கரண்டும் குறைவுதான். ஒரு ஹெச்பி பம்ப் மூன்று மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட்டுக்கு மேல். ரோபோவுக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றக் கால் யூனிட் போதும். ஆனால் ரோபோ வந்துவிட்டது என்று பம்ப்பை நிறுத்திவிடாதீர்கள். தண்ணீர் தினமும் ஃபில்டர் வழியாகச் சுற்றியே ஆக வேண்டும்.

உங்கள் ஆளையும் நிறுத்திவிடாதீர்கள். நானும் அந்த ஜாதிதான், என் பேச்சில் பாரபட்சம் இருக்கும், கழித்துக்கொண்டே படியுங்கள். அவர் செய்கிற வேலையில் ரோபோ எடுத்துக்கொள்வது கூட்டுவதை மட்டும். குளோரின் 1 முதல் 3 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) இருக்கிறதா, தண்ணீரின் அமில-கார அளவான பிஹெச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்கிறதா என்று அது பார்க்காது. நம் ஊர் வெயிலில், குளோரினை வெயிலிலிருந்து காக்கும் ஸ்டெபிலைசர் போடாத குளத்தில் காலையில் போட்ட குளோரின் சாயங்காலத்துக்குள் பெரும்பாலும் அழிந்து போயிருக்கும். பம்ப்பின் சத்தம் மாறியிருப்பதையும் ஒரு ஆள்தான் காதில் வாங்க வேண்டும். மூன்று நாளை ஒரு நாளாக்குங்கள், சம்பளத்தை மூன்றில் ஒன்றாக்காதீர்கள்.

கேள்வி: போர் தண்ணீர் நிரப்பிக் குளோரின் போட்டதும் குளம் டீத்தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. ரோபோவை மூன்று தடவை ஓட்டியும் தெளியவில்லை. ரோபோ பழுதா? (வாசகர், ஈஞ்சம்பாக்கம்)

பதில்: ரோபோ மேல் தப்பில்லை சார். உங்கள் போரில் இரும்பு இருக்கிறது. பூமிக்குள் இருக்கும்போது அது கரைந்து கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது, பார்க்க ஸ்படிகம் மாதிரி தண்ணீர் வரும். குளோரின் பட்டதும் துருவாக மாறி நிறம் காட்டுகிறது. அந்தத் துருவின் துகள் ரோபோ வலையின் கண்ணை விடப் பொடி. டீ வடிகட்டியில் மஞ்சள்தூள் கரைசலை ஊற்றிப் பாருங்கள், அதேதான். ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் வெளியே வருகிறது.

முதலில் ரோபோவை வெளியே எடுத்து வையுங்கள். பிஹெச்சைச் சரி பண்ணிவிட்டு, படிகாரமோ, துகள்களைச் சேர்த்து அடியில் படியவைக்கும், கடையில் கிடைக்கும் ஃப்ளாக்குலன்ட்டோ, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கரைத்து ஊற்றுங்கள். வால்வை ஃபில்டருக்குப் போகாத ரீசர்குலேட்டில் வைத்துக் கொஞ்ச நேரம் கலக்கிவிட்டு, பம்ப்பை நிறுத்திவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் மேலே தெளிந்திருக்கும், அடியில் காபி டிகாஷன் மண்டி மாதிரி ஒரு படலம் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்ததும் ரோபோவை இறக்கத் தோன்றும். இறக்காதீர்கள், பிரஷ் சுழன்ற வேகத்தில் எல்லாம் மறுபடி மேலே எழும்பிவிடும். கையால் வாக்குவம் பிடித்து, வால்வை வேஸ்ட்டில் வைத்து, நேராகச் சாக்கடைக்கு விட வேண்டும். கல்யாண வீட்டில் தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிற மாதிரி மெதுவாக. அரை அடித் தண்ணீர் போனாலும் போகும், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்த தடவை குளம் நிரப்பும் முன், ஒரு வெள்ளை பக்கெட்டில் போர் தண்ணீர் பிடித்து ஒரு சிட்டிகை குளோரின் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். நிறம் மாறினால் லாரிக்குச் சொல்லிவிடுங்கள். பிஹெச்சுக்கு ஆசிட் ஊற்றுகிறவர்கள் கவனிக்க: குளோரினையும் ஆசிட்டையும் ஒரே வாளியில், ஒரே மக்கில் தொடக்கூடாது. கிளம்புகிற விஷவாயு ஆளைச் சாய்த்துவிடும்.

பச்சைக் குளத்துக்கும் இதே கதைதான். பாசியைக் கொல்வது குளோரின், செத்ததை அள்ளுவது ரோபோ. அதிகக் குளோரின் போட்டிருக்கும்போது ரோபோ உள்ளே இருக்கக்கூடாது, ரப்பரும் பிளாஸ்டிக்கும் வெளுத்து வெடிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த மறுநாள், ஒரு வீட்டில் சேறு கலந்த குளத்தில் ரோபோவை இறக்கியிருந்தார்கள். பத்து நிமிஷத்தில் கூடை களிமண் கொழுக்கட்டை ஆகியிருந்தது.

கேள்வி: எங்கள் ரோபோ அடிக்கடி, குளத்தின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் ட்ரெயின் துளையின் மூடி மேல் ஏறி நின்றுவிடுகிறது. ஆப்பில் பார்த்தால் ‘ஆஃப்லைன்’. இப்போது கரகரவென்று சத்தம் வேறு. (வாசகர், உத்தண்டி)

பதில்: ஆப் விஷயம் பழுதில்லை. வைஃபை சிக்னல் தண்ணீருக்குள் செத்துவிடும். ரோபோ மேலே வந்தால்தான் பேசும். கீழே போனதும் அது பாட்டுக்கு அது. ட்ரெயின் மூடி மேடாக இருந்தால் தட்டையான மூடியாக மாற்றலாம், அல்லது ரோபோவைத் தரையை மட்டும் சுத்தம் செய்யும்படி அமைத்து, பம்ப்பை நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். மெயின் ட்ரெயின் உறிஞ்சுவதே சில வீட்டில் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கரகரப்புக்கு, அணைத்துவிட்டு, மேலே இருக்கிற மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளே விசிறி மாதிரி இருப்பதைப் பாருங்கள். எங்களுடையதில் போன ஆவணியில் இதே சத்தம். திறந்தால், விசிறியின் அச்சில் மல்லிகைப்பூ கட்டின நூல் இருபது சுற்று, நடுவில் பேத்தியின் கறுப்பு ஹேர்பேண்ட், அதோடு பின்னிக்கொண்டு நீளமான முடி. பிளேடால் அறுத்து எடுக்க முக்கால் மணி நேரம். வீட்டில் கல்யாணமோ சீமந்தமோ நடந்திருந்தால் முதலில் அங்கேதான் பார்ப்பேன்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் 25 மீட்டர் குளத்துக்கு இதையே வாங்கலாமா? (சங்கச் செயலாளர், சோழிங்கநல்லூர்)

பதில்: வேண்டாம். வீட்டு ரோபோவை அவ்வளவு பெரிய குளத்தில் தினம் ஓட்டினால் ஒரு வருஷம் தாங்காது. பெரிய குளங்களுக்கென்று வயரோடு வருகிற கமர்ஷியல் மாடல் இருக்கிறது, அதைப் பாருங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் ரோபோவைக் குளத்திலேயே விட்டு வைக்கலாமா? சார்ஜ் எங்கே போடுவது? (வாசகி, பாலவாக்கம்)

பதில்: விட்டு வைக்காதீர்கள். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் தூறல். ரோபோவை அவசரமாகக் கொக்கி போட்டு இழுத்து, போர்ட்டிகோவில் வைத்து, ஈரம் துடைக்காமல் சார்ஜரைச் சொருகிவிட்டேன். சார்ஜ் போடும் துளையில் நாலு சொட்டு குளோரின் தண்ணீர் நின்றிருந்தது. மறுநாள் பார்த்தால் துளைக்குள் இருக்கும் உலோகப் பின் இரண்டும் களிம்பேறிய பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி பச்சை. சர்வீஸுக்குக் கொடுத்தோம். 47 நாள். எந்த ஊருக்கு அனுப்பினார்கள் என்று கடைசி வரை சொல்லவில்லை, போன் செய்தால் ‘ப்ராசஸில் இருக்கு சார்’. அந்த 47 நாளும் மகள் வீட்டில் கம்பம் பிடித்தது யார் என்று சொல்ல வேண்டாம்.

இப்போது செய்வது இது. ஓட்டம் முடிந்ததும் ரோபோ சுவரோரம் வந்து நிற்கும், கொஞ்ச நேரம் மட்டும். அதற்குள் கொக்கியால் தூக்கி, விளிம்பில் சாய்த்துப் பிடித்து, உள்ளே இருக்கிற தண்ணீர் முழுக்க வடியவிடுவேன். வடியாமல் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். கூடையையும் பிரஷ்ஷையும் நல்ல தண்ணீரில் அலசி, பழைய வேட்டித் துணியால் துளையைத் துடைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு, அப்புறம்தான் சார்ஜர். நிழலில், சிமென்ட் தரையில், குளத்திலிருந்து தள்ளி, கேஸ் சிலிண்டர் பக்கம் வேண்டவே வேண்டாம். இரவு முழுக்க மாட்டிவிட்டுத் தூங்குவதும் கிடையாது. அடிபட்டோ உப்பியோ இருந்தால் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜே போடக்கூடாது. மாடியில் வெயிலில் காயவைப்பது இன்னும் மோசம். அடைமழையில் ஒரு மாசம் ஓட்டப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வைத்து உள்ளே எடுத்து வையுங்கள்.

கேள்வி: ரோபோ ஓடும்போது குழந்தைகள் இறங்கலாமா? வயர்தான் இல்லையே. (வாசகர், அடையாறு)

பதில்: இறங்கக்கூடாது. அடியில் தண்ணீரை உறிஞ்சுகிற வாய் இருக்கிறது, சுழல்கிற பிரஷ் இருக்கிறது. பூ நூலுக்கு என்ன ஆயிற்று என்று மேலே எழுதியிருக்கிறேன், தலைமுடிக்கும் அதுதான். ரோபோ வெளியே வந்த பிறகு குளிக்கட்டும். எங்கள் பேத்தி கரையில் உட்கார்ந்து, அது சுவர் ஏறும்போதெல்லாம் ‘தாத்தா, உன் ஆளு வந்துட்டான்’ என்று கத்துவாள்.