கிழவி வாக்கு பலித்ததா?

கேள்வி: 1945-இல் வந்த 'ஐல் ஆஃப் தி டெட்' பார்த்தேன். பிளேக் பரவிய தீவில் மாட்டிக்கொண்டவர்களிடம், 'நம்மில் ஒருத்தி ரத்தக்காட்டேரி' என்று ஒரு கிழவி ஓதிக்கொண்டே இருக்கிறாள். கடைசியில் செத்தவள் எழுந்து வந்து கொல்கிறாளே! படம் மூடநம்பிக்கைக்குத்தானே வக்காலத்து வாங்குகிறது?

பதில்: எழுந்து வந்தவள் சாகவே இல்லையே! உடம்பு விறைத்துப் பிணம்போலக் கிடக்கும் நோய் அவளுக்கு. உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்று பயந்து பயந்தே வாழ்ந்தவள். விஷயம் தெரிந்த டாக்டர் முந்திக்கொண்டு செத்துப்போய்விட, மற்றவர்கள் அவளைப் பெட்டியில் வைத்து மூடிவிடுகிறார்கள். இருட்டில் பெட்டிமேல் சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. அப்புறம் உள்ளேயிருந்து அந்த அலறல். அவளைப் பைத்தியமாக்கியது அந்தப் பெட்டிதான். உளறிய கிழவியும் அவள் கையால்தான் சாகிறாள்.

நீங்கள் கிழவியையே பார்த்திருக்கிறீர்கள். இன்னொரு முறை ஜெனரலைப் பாருங்கள். 1912, கிரீஸ் உள்ளிட்ட நாடுகள் துருக்கியோடு மோதிய பால்கன் போர். போரிஸ் கார்லாஃப் நடித்த அந்த கிரேக்க ஜெனரல், படையோடு தாமதமாக வந்த கர்னலிடம் முதல் காட்சியிலேயே துப்பாக்கியைக் கொடுத்து, தன்னைத்தானே சுட்டுக்கொள்ள அனுப்புகிறார். சட்டம்தான் அவருக்குச் சாமி. தீவை விட்டு யாரும் போகக் கூடாது என்று அவர் போட்ட உத்தரவில் ஒரு தப்பும் இல்லை. எதிர்க்கரையில் படையே இருக்கிறது. தெற்கிலிருந்து வெப்பக்காற்று அடித்தால் தெள்ளுப்பூச்சிகள் செத்து நோய் அடங்கும் என்று டாக்டர் சொன்னதையும் நம்பினார். பிளேக்கைப் பரப்புவது தெள்ளுப்பூச்சி என்று 1898-லேயே பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் கராச்சியில் கண்டுபிடித்திருந்தார். டாக்டர் ஒன்றும் குருட்டாம்போக்கில் பேசவில்லை.

காற்று வரவில்லை. டாக்டரே இறந்துபோனார். உத்தரவுக்குக் கிருமி கட்டுப்படாது என்று தெரிந்ததும், கட்டுப்படுத்த ஓர் ஆள் தேவைப்படுகிறது ஜெனரலுக்கு. அகப்பட்டவள் தேயா, பெட்டியில் வைக்கப்பட்டவளின் வேலைக்காரப் பெண். கிழவி சொன்ன ரத்தக்காட்டேரி இவள்தான் என்று ஜெனரலும் நம்பத் தொடங்குகிறார். எஜமானி வெளிறிக்கொண்டே போக, இவள் மட்டும் தெம்பாக இருந்தாளாம். அதுதான் குற்றம்! வரிக்காகச் சொந்த மக்கள்மேலேயே பீரங்கியைத் திருப்பியவர் என்று அவரை வெறுத்தவள் இவள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பேய் என்று யாரைச் சொன்னால் யாருக்கு வசதி என்பது புரியும். எனக்குக் குலை நடுங்கியது அந்த இடத்தில்தான், சவப்பெட்டியைப் பார்த்து அல்ல.

கடைசியில் அந்தத் தெற்குக் காற்று வரத்தான் செய்கிறது. யார் வாக்காவது பலித்தது என்றால், அது டாக்டருடையது. கேட்கத்தான் அவர் உயிரோடு இல்லை.