செயலாளர் பதவிக்கு ஆள் கிடைக்காவிட்டால்…

கேள்வி: எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்தில் 120 உறுப்பினர்கள். ஆண்டுச் சந்தா 500 ரூபாய். செயலாளருக்கு உடம்பு முடியவில்லை. அடுத்து வர யாரும் தயாராக இல்லை. சங்க வேலை முழுவதையும் மாதம் 5,000 ரூபாய்க்குப் பார்த்துக்கொள்வதாகப் புதுச்சேரி நிறுவனம் ஒன்று சொல்கிறது. ஒப்படைத்துவிடலாமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேண்டாம். 120 பேரும் பாக்கி வைக்காமல் கட்டினாலும் உங்கள் வரவு 60,000 ரூபாய்தான். நிறுவனத்துக்கு 60,000, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 70,800. ஓர் உறுப்பினர் இறந்துபோனால் மாலை வாங்கக்கூடப் பணம் இருக்காது.

அமெரிக்காவில் பல தொழில்முறைச் சங்கங்களை இப்படிப்பட்ட நிறுவனங்கள்தான் நடத்துகின்றன. ஒரே அலுவலகம் பல சங்கங்களுக்கு வேலை பார்ப்பதால் அவற்றுக்குச் செலவு குறைகிறது. ஆனால் அங்கேயும் முடிவெடுப்பது உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த குழுதான்.

உங்கள் சங்கம் பதிவு பெற்றதென்றால் இன்னொன்றையும் பாருங்கள். கடலூரில் செல்லுபடியாவது தமிழ்நாட்டின் 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம். புதுச்சேரியில் 1860ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். அந்த நிறுவனத்துக்கு நம் ஊர் நடைமுறை தெரியுமா என்று கேட்டீர்களா? கணக்கு தாக்கலாகவில்லை என்றால் மாவட்டப் பதிவாளர் கேள்வி கேட்பது உங்கள் நிர்வாகக் குழுவைத்தான், நிறுவனத்தை அல்ல.

கணக்கு எழுதவும் ஆண்டறிக்கை தயாரிக்கவும் பகுதிநேரமாக ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் காசோலைக் கையெழுத்து, வங்கி ஓடிபி வரும் கைபேசி எண், உறுப்பினர் பதிவேடு, தீர்மானப் புத்தகம் இவை வெளியே போகவே கூடாது. நாளைக்கு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டால், உங்கள் உறுப்பினர் பட்டியலுக்காக நீங்களே அலைய வேண்டிவரும்.

எனக்கு உறுத்துவது வேறு. 120 பேரில் ஒருவர்கூட வரத் தயாராக இல்லை என்றால், செயலாளர் தலையில் எவ்வளவு வேலையைக் கட்டியிருக்கிறீர்கள்! சந்தா வசூல், கூட்ட அழைப்பு, ஓய்வூதிய மனு, ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பது, எல்லாம் ஒரே ஆள். அதைப் பிரியுங்கள். சந்தாவைத் திருப்பாதிரிப்புலியூரில் ஒருவர், முதுநகரில் ஒருவர் என்று பகுதிவாரியாக வாங்கட்டும். நிர்வாகக் குழுவுக்குச் சட்டம் கேட்பது குறைந்தது மூன்று பேர். உங்கள் துணை விதியில் கூடுதலாக இருந்தால் அதன்படி செய்யுங்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்பதையும் சொல்லிக் கேளுங்கள். ஆயுள் முழுக்க மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில்தான் பலர் ஒதுங்குகிறார்கள். அடுத்த பொதுக்குழுவில், நிறுவனத்தின் விலைப்பட்டியலைப் படிப்பதற்கு முன்னால் இந்த வேலைப் பட்டியலைப் படியுங்கள்.