நாய்க்குட்டியைக் கூண்டில் பழக்குவது கொடுமையா?

"3 மாதக் குட்டியைக் கூண்டில் பழக்கச் சொல்கிறார்கள், பாவமில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நாள் முழுக்கப் பூட்டி வைத்தால் பாவம்தான். பழக்குவது வேறு.

நாய் பொதுவாகத் தான் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யாது. கூண்டின் பலன் அங்கிருந்துதான் தொடங்குகிறது. குட்டி அடக்கிக்கொண்டு காத்திருக்கும்; திறந்ததும் நேராக வெளியே தூக்கிப்போனால், எங்கே போக வேண்டும் என்பது சீக்கிரம் பிடிபடும். ஆனால் இந்த வயதில் பகலில் 3, 4 மணி நேரத்துக்கு மேல் அதனால் அடக்க முடியாது. அளவும் முக்கியம். நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் போதும். ரொம்பப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் படுத்து, மறு மூலையில் மூத்திரம் போய்விடும்.

எங்கள் நாய்க்கு 5 வயதில்தான் பழக்கினோம். முதல் வாரம் கதவையே மூடவில்லை. சோற்றுத் தட்டை உள்ளே வைத்தால், பின்னங்கால் இரண்டும் வெளியே இருக்க, கழுத்தை மட்டும் நீட்டிச் சாப்பிடும். பத்தாம் நாள் தானாகவே உள்ளே போய்ச் சுருண்டு படுத்தது. அப்புறம் கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்து, தையல் ஆறும்வரை குதிக்காமல் ஓய்வெடுத்தது அதற்குள்தான். தீபாவளி வெடிச் சத்தத்துக்குக் கட்டிலடியில் நடுங்காமல், போர்வை போர்த்திய கூண்டுக்குள் போய்விடுகிறது.

உள்ளே விடும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டிக்கொள்ளும். செருப்பைக் கடித்ததற்குத் தண்டனையாக ஒருநாளும் அடைக்காதீர்கள். அப்புறம் அந்தப் பக்கமே வராது.