வெள்ளை எலிக்கு கருப்பு எலி ஆன்ட்டிபாடி வாங்கிட்டேன், காசு திரும்புமா?

கேள்வி: அண்ணா, நான் காலாப்பட்டு பக்கம் ஒரு லேப்ல பிஎச்டி பண்றேன். எலி மண்ணீரல்ல என்கே செல் (நேச்சுரல் கில்லர்ங்கற நோய் எதிர்ப்பு செல்) எண்ணணும்னு, அது மேல ஒட்டி அடையாளம் காட்டுற என்கே1.1 ஆன்ட்டிபாடி வாங்குனோம், குளோன் (ஆன்ட்டிபாடியோட ரகம்) பிகே136, பிஇ கலர் (ஒளிரும் சாயம்). சென்னைலேர்ந்து கூரியர்ல வந்துச்சு, தெர்மாகோல் பெட்டியைத் திறந்தா ஜெல் பேக் உருகி தொளதொளன்னு கெடக்கு. ஃப்ளோல (செல்லை ஒண்ணொண்ணா ஒளியில பாத்து எண்ற மெஷின்) போட்டா ஒண்ணுமே ஸ்டெயின் ஆகல, மூணு எலி வீணாப்போச்சு. எங்ககிட்ட இருக்கறது பால்ப்-சிங்கற வெள்ளை எலி ரகம். டீலர் திரும்ப எடுக்க மாட்டேன்னுட்டாரு. ஐஸ் உருகிதான் கெட்டுச்சுன்னு கம்ப்ளைன்ட் குடுக்கலாமா?

பதில்: தம்பி, கம்ப்ளைன்ட எழுதறதுக்கு முன்னாடி உன் கேள்வில கடைசிலேர்ந்து மூணாவது வரியைப் பாரு, பால்ப்-சின்னு நீயே எழுதிட்ட, விஷயம் அங்கதான் இருக்கு. பிகே136 பிளாக் 6ங்கற கருப்பு எலில சூப்பரா ஒட்டும், ஆனா பால்ப்-சில அந்த ஜீனோட எழுத்தே கொஞ்சம் மாறி இருக்கறதால இந்த ஆன்ட்டிபாடி பிடிக்கிற எடமே அதுல இல்ல, அதனால ஐஸ் உருகாம வந்திருந்தாலும் உனக்கு ஸ்டெயின் ஆகியிருக்காது. என்கே செல் இல்லன்னு அர்த்தம் இல்ல, இருக்கு, இந்த ஆன்ட்டிபாடிக்குத்தான் தெரியல. லேபிள்ல "மவுஸ்"னு பெருசா போட்டுட்டு எந்த ஸ்ட்ரெய்ன், அதாவது எந்த எலி ரகம்னு டேட்டா ஷீட்ல பொடி எழுத்துல போடறாங்க, எனக்கு அதுல எரிச்சல்தான், ஆனா அதுக்காக டீலரை முழுசா குத்தம் சொல்ல முடியாது, நீ கேட்ட குளோனைத்தான அவர் அனுப்பியிருக்காரு.

ஆன்ட்டிபாடி கெட்டுச்சா இல்லையான்னு பாக்க ஈஸி வழி இருக்கு. பக்கத்து லேப்ல பிளாக் 6 வெச்சிருந்தா கொஞ்சம் மண்ணீரல் செல் கேட்டு வாங்கி ஸ்டெயின் பண்ணு. அதுல வந்துச்சுன்னா வயல் நல்லா இருக்கு, பிளாக் 6 காரங்களுக்கே மாத்திக் குடு. அதுலயும் வரலன்னா அப்ப நீ சொல்றதுல நியாயம் இருக்கு, லாட் நம்பர், பெட்டி போட்டோ, ஃப்ளோ படம் மூணையும் சேத்து டீலருக்கு மெயில் போடு, கம்பெனியையும் காப்பில வை. போன்ல கத்துறதால பிரயோஜனம் இல்ல. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915 இருக்குதான், ஆனா பில் காலேஜ் பேர்ல இருந்தா "நீங்க நுகர்வோரா"ங்கற கேள்வியிலயே பாதி நாள் போயிடும்.

இப்ப என்ன வாங்கறது? பால்ப்-சிக்கு டிஎக்ஸ்5ங்கற ஆன்ட்டிபாடி (சிடி49பி புரதத்துல ஒட்டறது) வேலை செய்யும், கூட டி செல்லைக் காட்டுற சிடி3 ஆன்ட்டிபாடி போட்டு டி செல்லை (வேற வகை நோய் எதிர்ப்பு செல்) ஒதுக்கிடு, ஏன்னா டிஎக்ஸ்5 சில டி செல்லுலயும் ஒட்டும். என் சாய்ஸ் என்கே செல் மேல இருக்கற என்கேபி46 புரதத்துக்கான ஆன்ட்டிபாடி, குளோன் 29ஏ1.4, இது ரெண்டு ஸ்ட்ரெய்ன்லயும் ஓடும், நாளைக்கு உங்க சார் எலியை மாத்துனாலும் கவலை இல்ல. லை49 குடும்பம் (என்கே செல் மேல இருக்கற இன்னொரு புரதக் கூட்டம்) பக்கம் போனா இன்னும் உஷாரா இரு, லை49எச் பிளாக் 6ல இருக்கு, பால்ப்-சில ஜீனே கெடையாது. எஃப்சி பிளாக் (ஆன்ட்டிபாடி தப்பான எடத்துல ஒட்டாம தடுக்கறது, குளோன் 2.4ஜி2) போட்டியா? நீ சொல்லல. போடலன்னா அடுத்த தடவை தப்பான ஸ்டெயினைப் பாத்து சந்தோஷப்படுவ.

அடுத்த ஆர்டரை வெள்ளிக்கிழமை வந்து சேர்ற மாதிரி போடாத, செக்யூரிட்டி ரூம்ல திங்கள் வரைக்கும் கெடக்கும். அப்புறம் அந்த பிஇ வயலை பயத்துல ஃப்ரீசர்ல தள்ளிடாத, உறைஞ்சா கலர் போயிடும், 4 டிகிரில வெளிச்சம் படாம வெச்சாலே போதும்.