பிரேக் பேரல் (குழலை மடக்கித் தயார் செய்யும்) ஏர் ரைபிள் பெட்டியில் 'நொடிக்கு 1000 அடி வேகம்' என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா? எவ்வளவு பவர் உள்ளதை வாங்குவது?

அந்த எண்ணைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நீங்கள் போடப்போகும் பெல்லட்டுக்கு (ஏர் ரைபிளின் சின்னக் குண்டுக்கு) அது பொருந்தாது.

சின்னக் கணக்குதான். 2016 ஆயுத விதிகளின்படி இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் வாங்கும் ஏர் ரைபிளுக்கு இரண்டு வரம்புகள்: குழலின் துளை 4.5 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, பெல்லட் வெளியே வரும்போது அதன் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக்கூடாது. கடையில் கிடைக்கும் சாதாரண ஈயப் பெல்லட் அரை கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். அது நொடிக்கு 1000 அடி, அதாவது 305 மீட்டர் வேகத்தில் பறந்தால் ஆற்றல் 23 ஜூலைத் தாண்டிவிடும். அப்படியென்றால் அது லைசென்ஸ் கேட்கும் துப்பாக்கி! பெட்டியில் போடும் பெரிய எண்கள் பெரும்பாலும் ஈயமில்லாத லேசான அலாய் பெல்லட்டை வைத்து எடுத்தவை. 0.34 கிராம் பெல்லட்டுக்கு 16 ஜூல் இருந்தாலே 1000 அடி வந்துவிடும். அதே துப்பாக்கியில் ஈயப் பெல்லட்டைப் போட்டால் வேகம் நொடிக்கு 250 மீட்டர் பக்கத்தில்தான் நிற்கும். எனவே கடைக்காரரிடம் வேகத்தைக் கேட்காதீர்கள். எத்தனை ஜூல், எந்த எடைப் பெல்லட் என்று கேளுங்கள்.

சரி, 20 ஜூலுக்கு ஒட்டினாற்போல் உள்ளதையே வாங்கிவிடலாமா? என்னைக் கேட்டால் வேண்டாம்.

பேரலை மடக்கும்போது உள்ளே ஒரு கனமான ஸ்பிரிங் அமுங்கிப் பூட்டிக்கொள்கிறது. டிரிகரை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை நசுக்குகிறது. அந்தக் காற்றுதான் பெல்லட்டைத் தள்ளுகிறது. பிஸ்டன் முன்னால் ஓடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் கடைசியில் போய் முட்டியதும் முன்னால் இழுக்கும். இவ்வளவு ஆட்டத்தின் பெரும்பகுதியும் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே நடந்துவிடுகிறது. அதனால் பிடிக்கும் விதம் கொஞ்சம் மாறினாலும் பெல்லட் வேறு இடத்தில் போய் விழும். ஸ்பிரிங் பலமாக ஆக ஆக இந்த உதையும் கூடும், மடக்கக் கையும் வலிக்கும். ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த வாயு வைத்த மாடல்களில் அதிர்வு குறைவு. உதை அதிலும் உண்டுதான்.

இறுக்கிப் பிடித்தால் உதை அடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இதில் நேர் எதிர். இடது உள்ளங்கையைத் திறந்து அதன் மேல் துப்பாக்கியைச் சும்மா கிடத்தி, தோளிலும் மெதுவாக வைத்து, ஒவ்வொரு முறையும் அது ஒரே மாதிரி ஆட விட வேண்டும்.

பவர் குறைந்தால் குறி தவறும் என்ற பயம் வேண்டாம். கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடுகிற 10 மீட்டர் போட்டியில் பெல்லட்டுக்குச் சுமார் 7.5 ஜூல்தான் இருக்கும். (அவை பிரேக் பேரல் இல்லை, அழுத்தக் காற்று அடைத்த, உதையே தெரியாத ரைபிள்கள், விலையும் லட்சங்களில்.) ஜெர்மனியில் லைசென்ஸ் இல்லாத வரம்பே 7.5 ஜூல்தான். அட்டையையும் டப்பாவையும் 10 முதல் 25 மீட்டரில் சுட 12 ஜூல் தாராளம். பறவை, அணில் என்று யோசித்தால், லைசென்ஸ் தேவையில்லை என்பதற்காக 1972 வனவிலங்குச் சட்டம் உங்களை விட்டுவிடாது.

மெரினாவில் பலூன் சுடக் கொடுப்பார்களே, அதுவும் இதே ரகம்தான். அதில் குறி தப்புவதைப் பார்த்து 'மடக்குகிற பேரலே சரியில்லை' என்று முடிவு கட்டாதீர்கள். அவை தினமும் அடி வாங்கித் தேய்ந்தவை. வாங்கும்போது பேரலை மூடி இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், பெல்லட் போடாமல் சுட்டுப் பார்க்காதீர்கள், பிஸ்டன் சீல் (காற்று கசியாமல் தடுக்கும் பகுதி) போய்விடும். பெல்லட் போடும்போது மடக்கிய பேரலை இன்னொரு கையால் பிடித்தே இருங்கள், தவறி மூடினால் விரல் காலி. டெலஸ்கோப் மாட்டுவதானால் ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கென்றே செய்ததாகப் பாருங்கள். முன்னாலும் பின்னாலும் வரும் இந்த உதையில் மற்ற ஸ்கோப்புகள் உள்ளே கழன்றுவிடும்.